வாஷர் மாற்றுகிற வேலைதான்

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணில் படுவதற்குள் அதை மறைத்துவிட வேண்டும் என்று மகள் குழாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். சத்தத்தை மறைக்கத்தான் வழியில்லை.

"என்ன அது?" என்றார் ஃபோர்மேன்.

"எது?"

"சொட்டுது."

"சொட்டினா சொட்டட்டும்பா. பெட்டியெல்லாம் மாடிக்கு ஏத்தியாச்சுல்ல, நீங்க கெளம்புங்க. அம்மா காத்திட்டிருப்பாங்க."

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் வேலைகளுக்கு ஃபோர்மேன். வீட்டிலும் அவருக்கு அதுதான் பெயர். சொந்த மனைவியே அப்படித்தான் சொல்வாள், அவர் காதில் விழாத தூரத்தில் இருக்கும்போது. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கை கழுவப் போனவர் சீக்கிரம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வரும்போது அந்த வீட்டுக் குழாய்களைப் பற்றிய தீர்ப்போடுதான் வருவார்.

மகளுக்குக் கல்லூரி திங்கட்கிழமை திறக்கிறது. மாணவிகள் சேர்ந்து எடுத்துத் தங்குகிற மாதிரி வீடு தேடி அப்பாவும் மகளுமாக ஏற்கெனவே மூன்று இடம் பார்த்திருந்தார்கள். முதல் வீட்டில், "குளியலறைத் தண்ணி வாசலைப் பார்த்து ஓடுதே, இதைக் கட்டின புண்ணியவான் யாரு?" என்று கேட்டார். கட்டியவர் எதிரிலேயே நின்றிருந்தார். இரண்டாவது வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல எப்படித்தான் மனுஷங்க இருக்கீங்களோ" என்றார். மூன்றாவது வீட்டில் என்ன சொன்னார் என்பதை மகள் இன்றுவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதனால் இந்த நான்காவது வீட்டை அவள் தனியாகப் போய்ப் பிடித்தாள். இதுவும் கை நழுவினால் தினமும் மூன்று பஸ் மாறித்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். சேர்க்கைக்காக ராப்பகலாகப் படித்தவள், படிப்பைப் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிக்கத் தயாராக இல்லை.

வீட்டுக்காரரும் தங்கமான மனிதராக இருந்தார். எப்போது வருவாய், யாரெல்லாம் வருவார்கள் என்று மற்றவர்களைப் போலத் துருவவில்லை. "அப்பா என்ன வேலை பாக்கறார்மா?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். உடனே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்டதிலிருந்து ஃபோர்மேனுக்குத் தலைகால் புரியவில்லை. "தொழிலுக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்ச மனுஷன்" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர் வீட்டில் குழாய் சொட்டுவதைத்தான் இப்போது அவரால் தாங்க முடியவில்லை.

"நகரு. ஒரு வாஷர் மாத்தற வேலைதான். அஞ்சே நிமிஷம்."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னா அவர் ஆளை வெச்சுப் பண்ணுவார்பா. சண்டை வேண்டாம்."

"நான் எப்ப சண்டை போட்டேன்?"

மகள் படி இறங்கிப் போனாள். கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் கையில் செய்தித்தாளோடு வந்து, குழாயை ஒரு பழைய நண்பனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஆமா சார், சொட்டும்."

"எத்தனை நாளா?"

"அது இருக்கும் சார், ரொம்ப நாளா."

"ஒரு வாஷர் மாத்தக் கூடாதா?"

"உங்களுக்குத் தெரியாததா சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஃபோர்மேனுக்குக் காது சிவந்தது. "ரொம்ப நாளாச் சொட்டுதாம். கூச்சநாச்சம் இல்லாம சொல்றான் பாரு. எதிர்த்துப் பேசினாலாவது மனசு ஆறும். ஆமா சாராம், ஆமா சார்."

அவர் எங்கே போனாலும் ஸ்பேனர் பையும் கூடப் போகும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த வால்வைத் திருகினார். அது ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர மூடவில்லை. மொட்டைமாடிக்கு ஏறிப்போய் டேங்க் வால்வைத் திருகினார். பாதி மூடியதும் அதன் கைப்பிடி கழன்று அவர் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. துருவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு அக்கிரமத்தை அவர் பார்த்ததில்லை.

"போதும்பா, விட்டுடுங்க" என்றாள் மகள்.

"பாதி மூடியிருக்கு. சமாளிச்சுக்கலாம். ஓடற தண்ணியில வேலை பாத்தவன்மா நான்."

குழாயைக் கழற்றினார். குழாயோடு சுவருக்குள் இருந்த பைப்பிலும் ஒரு துண்டு வெளியே வந்தது. அடுத்த நொடி தண்ணீர் பீறிட்டு எதிர்ச் சுவரில் அடித்தது. அங்கேதான் மகளின் புது மெத்தை சுருட்டிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் நிதானமாக வந்தாள். போன வருஷமே இங்கே குடிவந்தவள், இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள்.

"அங்கிள், பயப்படாதீங்க. கரண்டு மெயினை ஆஃப் பண்ணிட்டேன். இந்த வீட்டுல கரண்டு மட்டும் பக்கா. எங்கப்பா எலெக்ட்ரீஷியன். என்னைக் கொண்டுவந்து விட்டப்ப வயரிங்கைப் பாத்துட்டு அப்படியே கொதிச்சுப் போயிட்டார். எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டுப் புதுசாப் போட்டுட்டுத்தான் ஊருக்குப் போனார்."

பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஃபோர்மேன் கேட்டார்: "சும்மாவா போட்டுக் குடுத்தார்?"

"ஆமா அங்கிள்."

"சரியான இளிச்சவாயர்மா உங்கப்பா."

அதற்குள் தண்ணீர் படியில் இறங்கிக் கீழ் வீட்டை எட்டியிருந்தது. மகள் துடைப்பத்தோடு பின்னாலேயே ஓடினாள். வீட்டுக்காரர் நாற்காலியில் கால்களை மேலே தூக்கி வைத்தபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், சாவியைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ நிதானமாக மேலே வந்தார்.

"பைப் போயிடுச்சா சார்?"

"பைப்பா? இது பைப்பே இல்ல சார். துருவைச் சுருட்டிச் செவுத்துக்குள்ள வெச்சிருக்கீங்க."

"ஆமா சார். மொத்தமா மாத்தணும்."

"தெரியுதுல்ல? அப்புறம் ஏன் மாத்தலை?"

"நல்ல ஆள் கிடைக்கணுமே சார்."

ஃபோர்மேனுக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. நல்ல ஆள் கண் முன்னால் நனைந்துபோய் நிற்கும்போது இப்படி ஒரு பேச்சு. "நல்ல வேலைன்னா என்னன்னு நான் காட்டறேன் சார் உங்களுக்கு" என்று பைப்பின் வாயில் துணியைத் திணித்துவிட்டு உளியை எடுத்தார்.

பைப்பில் திருகிப் பூட்ட நல்ல மரை கிடைக்கும் இடம்வரை சுவரைக் கொஞ்சமாகக் கொத்தினால் போதும் என்று நினைத்தார். கொத்தக் கொத்தத் துருதான் வந்தது. அடுப்பு மேடைவரை கொத்தினார். மேடையைத் தாண்டிக் கொத்தினார். ஒரு கட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சரிந்து விழுந்தது. போய்ப் பார்த்தால் குளியலறை டைல்ஸ். விழுந்த இடத்தில் தெரிந்த குளியலறைப் பைப், சமையலறைப் பைப்புக்கு அண்ணனாக இருந்தது.

மகளின் கைப்பேசி அடித்தது.

"ஃபோர்மேன் கெளம்பிட்டாரா?" என்றாள் அம்மா.

"செவுத்தை இடிச்சிட்டிருக்கார்மா."

"இதுவும் போச்சா" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.

நனைந்த மெத்தை மேல் மகள் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வீட்டை வாயால கெடுத்தீங்க. இந்த வீட்டைக் கையாலயே கெடுத்துட்டீங்க. நான் படிக்கணும்னு உங்களுக்கு ஆசையே இல்லையாப்பா?"

ஃபோர்மேன் உளியைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வி அவருக்கு நெஞ்சில் தைத்தது. மகள் வீட்டை விட்டுப் போகிறாள் என்று ஒரு வாரமாகவே அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வருத்தப்படத் தெரியாத மனிதர், கோபப்பட மட்டும்தான் தெரியும். இத்தனை நாளும் யார் யார் மேலேயோ கோபப்பட்டே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

"குளிக்கத் தண்ணி ஒழுங்கா வராத எடத்துல உன்னை எப்படிம்மா விட்டுட்டுப் போவேன்" என்றார், சுவரைப் பார்த்தபடி. "திங்கக்கெழமைக்குள்ள முடிச்சுடறேன். அந்த ஆள் உன்னை வெளியே போன்னு சொன்னா, அப்ப பாக்கலாம்."

ஆஸ்பத்திரிக்கு லீவு சொன்னார். கடைக்குப் போய்த் தன் கைக்காசில் புதுப் பைப், புது வால்வு, குழாய்கள், டைல்ஸ் எல்லாம் வாங்கிவந்து இறக்கினார். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஆளிடம் கேட்பதே தனக்குக் கேவலம் என்று நினைத்தார்.

மறுநாள் காலையில் இன்னொரு தகப்பனார் வந்து சேர்ந்தார். மூன்றாவது அறைக்கு வருகிற பெண்ணின் அப்பா, தச்சர். மகளின் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவக் குளியலறைக்குப் போனவர் கதவைச் சாத்திப் பார்த்தார். கதவு மூடிக்கொள்ளவில்லை. இடித்துத் தள்ளிச் சாத்தினார். அப்புறம் திறக்கவில்லை. ஃபோர்மேன்தான் வெளியிலிருந்து கடப்பாரை போட்டு நெம்பி அவரை மீட்டார்.

"வயசுப் பொண்ணுங்க இருக்கற வீட்டுல குளியலறைக் கதவா சார் இது?" என்று தச்சர் கொதித்தார். "பண்ணினவன் கையை..."

"சொல்லாதீங்க சார். நேத்திலிருந்து நான் சொல்லிட்டேதான் இருக்கேன். அந்த ஆளுக்கு ஒறைக்கவே ஒறைக்காது."

"நான் போய்க் கேக்கறேன்."

அவர் இறங்கிப்போய்க் கேட்டார். திரும்பி வரும்போது முகம் ஜிவுஜிவு என்றிருந்தது. "ஆமா சார், சாத்தாதுங்கறான்" என்றவர், சாமான் ஏற்றிவந்த வேனிலிருந்து மரம் சீவும் இழைப்புளியை எடுத்துவரப் போனார்.

அதற்கப்புறம் இரண்டு அப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தார்கள். ஒருவர் திட்டி ஓய்ந்தால் மற்றவர் ஆரம்பித்தார். கதவு முடிந்ததும் தச்சர் ஜன்னல்களுக்குப் போனார், ஜன்னல்கள் முடிந்ததும் சமையலறை அலமாரிக்குப் போனார். வீட்டுக்காரரின் மனைவி ஓயாமல் டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாவம், நல்ல மனுஷி. "டீ குடுத்து வாயை அடைக்கப் பாக்கறாங்க சார்" என்றார் ஃபோர்மேன். குடித்துவிட்டு இன்னும் உரக்கத் திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. டேங்கிலிருந்து கடைசிக் குழாய்வரை புதுப் பைப். ஒற்றை விரலால் திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. குளியலறைக் கதவு காற்றுப் பட்டாலே வந்து சாத்திக்கொண்டது. மெத்தைகூட மொட்டைமாடி வெயிலில் காய்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் மேலே வந்தார். சமையலறைக் குழாயைத் திறந்தார், மூடினார், காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சுத்தமா நின்னுடுச்சு சார்."

ஃபோர்மேன் இதற்காகத்தான் காத்திருந்தார். "நிக்காம என்ன பண்ணும்? வீட்டை வாடகைக்கு விடறவனுக்குக் கொஞ்சமாவது வெக்கம் வேணும் சார். அடுத்தவன் பெத்த பொண்ணுங்க வந்து இருக்கற எடம். உங்க பொண்ணா இருந்தா இப்படி விடுவீங்களா?"

மகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூன்றாவது வீட்டிலும் அப்பா இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் கேட்டார்.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சார். மனசுல வெச்சுக்காதீங்க. பாப்பா படிச்சு முடிக்கற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டோம்."

மகள் கண்ணைத் திறந்தாள். நம்ப முடியாமல் அப்பாவைப் பார்த்து, பிறகு வந்து அவர் அழுக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஃபோர்மேன் தன் முகத்தை மறைக்கத் தச்சர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? நறுக்குனு நாலு கேள்வி கேட்டா எப்பேர்ப்பட்டவனும் வழிக்கு வருவான். இனிமே இந்த ஆள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்."

"நம்மகிட்டயா வேலை" என்றார் தச்சர்.

இருவரும் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜெயித்த களையோடு படி இறங்கினார்கள். வாசலில் வீட்டுக்காரரின் மனைவி கடைசி டீயோடு நின்றிருந்தாள். அவர்கள் குடிக்கும்வரை, காரை பெயர்ந்து வெளுத்துப்போயிருந்த வெளிச்சுவரையே யோசனையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலிக் கப்புகளை வாங்கியபடி கேட்டாள்:

"அண்ணா, எலெக்ட்ரீஷியன் ரூம் அடுத்த வருஷம் காலியாகுது. உங்களுக்குத் தெரிஞ்ச பெயின்டர் யாருக்காவது காலேஜ் போற வயசுல பொண்ணு இருக்கா?"