பண்டாரி ஆட்டி அளந்த நாவல்பழம்

தூத்துக்குடியிலேயே தராசுக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டென்றால், அது எங்கள் பக்கத்து வீட்டுப் பண்டாரிதான். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் சமையல்காரருக்குப் பண்டாரி என்று பெயர். முப்பது வருஷம் அந்த வேலை பார்த்ததில் சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். "ஆடுத தோணியில தராசு எங்கன நிக்கும்? டப்பாதான் நமக்கு" என்பார்.

அந்த டப்பாவை நிரப்பி, நெஞ்சோடு அணைத்து, காலை அகட்டிவைத்து இடமும் வலமுமாக ஆடுவார். கடலில் தானாகக் குலுங்கி இறங்கும் பண்டம் கரையில் இறங்காதாம். ஒருநாள் ரேஷன் கடையில் அரிசி வாங்கிய கையோடு ஆட ஆரம்பித்துவிட்டார். "ஓரமா நின்னு ஆடுங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் கெஞ்சினார்.

மூன்று வருஷத்துக்கு முன், ஜவுளிக்கடை வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்த என் மனைவி ஸ்டெல்லாவுக்கு முதல் ஆர்டர் வந்தது. ஒரு பிள்ளை சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்குப் பத்து பாட்டில் நாவல்பழ ஜாம். "இதுவும் சொதப்புச்சுன்னா நான் எதுக்கும் லாயக்கில்லன்னு அர்த்தம்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சீனி என்றது செல்போன். வீட்டில் தராசு இல்லை. "லிட்டர் டப்பான்னா ஒரு கிலோதானே?" என்றேன் நான், பெரிய கணக்குப் புலி. அவளும் ஒரு டப்பா பழத்துக்கு முக்கால் டப்பா சீனி போட்டுக் கிண்டினாள். ஆறியதும் கரண்டி அதில் நட்டமாக நின்றது. வாங்கிய பழத்தில் பாதி காலி.

வாசனை பிடித்து வந்த பண்டாரி எட்டிப் பார்த்தார். "ஏளா, இத நக்கதா, கடிக்கதா?"

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். மனிதர் ஆடிப்போனார்.

"அழாத தாயி. பழம் உருண்டையில்லா, நடுவுல பூரா காத்து. சீனி அப்படியா? இடுக்கு விடாம உக்காந்துக்கிடும். ஒம் மாப்ள காத்தையும் பழம்னு கணக்குல சேத்துட்டான்."

மிச்சப் பழத்தை டப்பா டப்பாவாக ஆட்டி அளந்தார். "மூணு டப்பா. ரெண்டு கிலோ. சீனி ரெண்டு டப்பாவுல ரெண்டு கை கம்மி."

எனக்கு நம்பிக்கை இல்லை. பழத்தைப் பையில் கட்டி, ஸ்கூட்டரில் மளிகைக்கடைக்குப் பறந்தேன். தராசில் இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே ஒரு பழம் கூடுதல். அதையும் வாயில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

பண்டாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, நாக்கு ஊதாவா இருக்கு. சந்தேகப்பட்டு நிறுத்துப் பாத்தியோ?"

ஜாம் பதமாக இறங்கியது. விருந்து வீட்டிலேயே இன்னும் ஐந்து பாட்டில் கேட்டார்கள். அன்று ஸ்டெல்லா சிரித்த சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாகியிருந்தது!

இப்போது எங்கள் வீட்டில் நல்ல எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. ஆனாலும் நாவல்பழ சீசன் வந்தால் ஸ்டெல்லா சுவருக்கு மேலே தலையை நீட்டுவாள். "அண்ணாச்சி, தராசு மறுபடியும் வேல செய்யல. கொஞ்சம் வாங்களேன்." அவரும் "நான் சொன்னம்லா!" என்று டப்பாவோடு வந்து நிற்பார். அவர் வந்து ஆடாமல் ஜாம் கிண்ட எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வராது. முதல் நாளே பேட்டரியைக் கழற்றி ஒளித்துவைப்பது நான்தான்.