அதுவும்சரியும் ஆடாத மயிலும்

உலகத்தில் யாரைப் பார்த்தும் ‘தப்பு’ என்று சொல்லத் தெரியாத ஒரே ஆள் எங்கள் ஆபீஸில்தான் இருந்தார். அதனால்தான் அந்த ஆபீஸ் இப்போது இல்லை.

மந்தைவெளியில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடி. கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் மூன்று பேரும் தும்முவோம். நல்ல வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பித்த இளைஞர், அவர்தான் பாஸ். பாடப்புத்தகத்திலிருந்து கேள்வி எடுப்பவள் நான். புரோகிராம் எழுதுபவர்தான் நான் முதலில் சொன்ன அந்த ஆள். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் உபயோகித்ததில்லை. ‘அதுவும்சரி’ என்றுதான் சொல்வோம்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது குழந்தைகளுக்கான ஆன்லைன் வினாடிவினா. மற்றவர்கள் விளையாட்டில் நாலு விடை இருக்கும், ஒன்றைத் தொட்டால் போதும். எங்களுடையதில் குழந்தையே விடையை டைப் அடிக்க வேண்டும். சரியென்றால் மயில் ஆடும். தப்பென்றால் சிவப்பில் பெருக்கல் குறி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதெல்லாம் சரி என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லித்தர வேண்டுமே! போன ஜென்மத்துப் பாவமோ என்னவோ, பாஸ் அந்தப் பொறுப்பை அதுவும்சரியிடம் கொடுத்தார்.

‘நமக்குத் தண்ணீர் தருவது எது?’ என்று கேள்வி எழுதி, விடையாக ஆறு, ஏரி, கிணறு என்று கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இன்னா மேடம், இந்த ஊர்ல எந்தப் புள்ள ஆத்தைப் பாத்துக்கீது? கூவத்துலயா மொண்டு குடிக்குது? லாரின்னுதான் போடும்.”

“லாரி எப்படிங்க சரியாகும்?”

“லாரி வர்லன்னா தண்ணி வருமா? அப்போ அதுவும் சரிதான?”

லாரி சேர்ந்தது. மறுநாள் கேன். அப்புறம் மோட்டார், சம்ப், மாடி டேங்க். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருவார். தெருமுனைக் காய்கறிக்காரம்மா, “யாரு தர்றா?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அதையும் சேர்த்துவிட்டார். வாரம் முழுக்க உழைத்து ஒரே ஒரு கேள்வியை முடித்தோம். பாடத்தில் மீதிக் கேள்விகள் எல்லாம் அப்படியே கிடந்தன.

“ஜி, எதைப் போட்டாலும் மயில் ஆடுதுன்னு ஊரே சிரிக்கும் ஜி,” என்று பாஸ் கெஞ்சினார்.

“ஆடட்டும் பாஸ். ஒரு புள்ள யோசிச்சி, ஒவ்வொரு எய்த்தாத் தேடி அடிக்குது. அது மூஞ்சில பெருக்கல் குறியைப் போட்டா நல்லாவா கீது?”

பாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த மாதம் முழுக்க அவரை வேறு நிலையில் நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கடைசியில் அடையாறில் ஒரு பள்ளிக்கூடம் டெமோ பார்க்க ஒப்புக்கொண்டது. அவர்கள் வாங்கினால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் பாஸ் ஒன்றையேதான் சொன்னார்: “ஜி, அங்க வந்து எதையும் தொடாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க, போதும்.”

தாளாளர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை மேடைக்கு அழைத்தார்கள். பெரிய திரையில் தண்ணீர்க் கேள்வி வந்தது. அவள் வெகுநேரம் யோசித்து, எழுத்துகளைத் தேடித் தேடி, ‘அம்மா’ என்று அடித்தாள்.

பெருக்கல் குறி வந்தது. ஹாலே சிரித்தது.

அதுவும்சரி அவளிடம் குனிந்தார். “ஏம்மா அப்படிப் போட்ட?”

“எங்க வீடு மூணாவது மாடி அங்கிள். அம்மாதான் கீழேர்ந்து குடத்துல தூக்கிட்டு வருவாங்க.”

கட்டியிருந்த கையை அவர் பிரித்ததைப் பார்த்ததும் பாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஸாரிம்மா, எனுக்குத் தோணாம போச்சி. ஒரு நிமிஷம் இரு.”

அத்தனை பேர் பார்க்க, அந்தப் பெரிய திரையிலேயே புரோகிராமைத் திறந்து ‘அம்மா’வைச் சேர்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் டெமோவில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்கேஜி பாடம். சிறுமியை மறுபடி அடிக்கச் சொன்னார். மயில் ஆடியது. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

அதைப் பார்த்துத் தாளாளர் அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அதே கேள்விக்கு ‘செங்கல்’ என்று அடித்தார். மயில் ஆடியது. ‘டிராக்டர்’ என்று அடித்தார். ஆடியது. சும்மா நாலு விரலால் கீபோர்டை அழுத்தினார். அதற்கும் ஆடியது. நம் ஆள் அவசரத்தில் ‘அம்மா’வுக்குப் பின்னால் ஒரு கமா போட்டு, அதற்கப்புறம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். அடித்ததற்குள் எங்கள் விடை ஏதாவது இருக்கிறதா என்றுதான் கம்ப்யூட்டர் தேடும். ஒன்றுமே இல்லாததும் ஒரு சரியான விடை என்று எடுத்துக்கொண்டது; அது எந்தச் சொல்லுக்குள்தான் இல்லை? அதன்பிறகு அதற்கு எதுவுமே தப்பில்லை.

“எல்லாமே சரின்னா அப்புறம் பரீட்சை எதுக்கு சார்?” என்றார் தாளாளர் அம்மா. ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அதுவும்சரிதான் பேசினார். “திட்டுறதுன்னா திட்டிரு பாஸ். ஆனா அந்தப் பொண்ணு சிரிச்சுதே, பாத்தியா?” பாஸ் வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மாதமே மாடியைக் காலி செய்தோம். நான் இப்போது வடபழனியில் வேறொரு கம்பெனியில் நாலு விடை வைத்துக் கேள்வி எழுதுகிறேன். புதிதாகக் கம்பெனி ஆரம்பிக்கும் யாருக்கும் அவரைச் சிபாரிசு செய்ய மாட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் என் மகள் மார்க் வாங்கிக்கொண்டு முகம் தொங்க வீட்டுக்கு வரும் நாட்களில், இவள் பேப்பரை அந்த மனுஷன் திருத்தியிருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.