சந்தனம் வைத்த சர்வர்

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அதனாலேயே பெற்ற தாயின் பதவி உயர்வுக்கு உலை வைக்கப் பார்த்தவள். சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போதெல்லாம் இந்த இரண்டில் எதை முதலில் சொல்வது என்று எனக்குக் குழப்பம் வரும். (இரண்டுமே ஆண்டவருக்குத் தெரியும். அம்மா முந்திக்கொண்டு சொல்லியிருப்பார்.)

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. பள்ளிக்கூடங்களுக்கு அட்மிஷன் சாஃப்ட்வேர் செய்து விற்போம். கீழேயிருந்து பன் வாசனை வரும், மேலேயிருந்து நாங்கள் பில் அனுப்புவோம். என் தலைக்கனம் மட்டும் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் அளவுக்கு இருந்தது.

என் அம்மா கிரேஸ் டீச்சர், இரும்புலியூரில் ஒரு தனியார் பள்ளியில் வெகுகாலமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடக் கடைசியில் தலைமை ஆசிரியை ஓய்வு பெறப்போகிறார். அடுத்து அம்மாவா, வெளியாளா என்று பள்ளியின் கரஸ்பாண்டன்ட் சார் முடிவு செய்யாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா, "என் பொண்ணு கம்பெனியில நல்ல சாஃப்ட்வேர் இருக்கு சார்" என்று வாயைவிட்டார். சார் வாங்கிவிட்டார். வாங்கியதோடு ஒரு வார்த்தையும் சொன்னார்: "இது சரியா ஓடிச்சுன்னா மத்ததும் சரியா ஓடும் டீச்சர்."

அம்மா வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஷீபா, மத்ததும்னா என்னன்னு புரியுதா?"

"ஹெச்.எம். போஸ்ட்டும்மா."

"புரிஞ்சா சரி. உன் கையிலதான் இருக்கு."

சாஃப்ட்வேரைத் தொடங்கிவைக்க சார் குறித்த நாள் விஜயதசமி. குழந்தைகளை முதன்முதலில் பள்ளியில் சேர்க்கிற நாள். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் முதல் குழந்தையின் பெயர் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும், போட்டோ போட்ட அடையாள அட்டை அச்சாகி வர வேண்டும், அதை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து சார் தன் கையால் கொடுக்க வேண்டும். இதுதான் திட்டம். பெற்றோர் எல்லோருக்கும் மெசேஜும் போயிருந்தது.

இதில் இரண்டு சாஃப்ட்வேர்கள் சம்பந்தப்பட்டிருந்தன. பெயரைப் பதிவது எங்களுடையது. அட்டையை அச்சடிப்பது வேறு யாரோ எப்போதோ விற்றுவிட்டுப் போனது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. மாமியாரிடம் மட்டும் பேசும் இரண்டு மருமகள்கள் மாதிரி, இரண்டும் சர்வரிடம்தான் பேசும். சர்வர் என்றதும் ஏ.சி. அறையெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப் பெட்டி. பள்ளியின் டேட்டாபேஸ் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கச்சிதமாக ஓடியது. நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஸ்டாஃப் எல்லோரும் பள்ளி வேனுக்கும் ஜெராக்ஸ் மிஷினுக்கும் மணிக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கும் உற்சாகம் பொங்கிவிட்டது.

"சார், சர்வருக்கும் பூஜை போட்டுடலாமே! இனிமே அதுதானே நம்ம ஸ்கூலோட ஆயுதம்!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். சார் உருகிவிட்டார். "பாத்தீங்களா டீச்சர், உங்க பொண்ணுக்கு எவ்ளோ ஈடுபாடு!"

போதாதா எனக்கு? சர்வரின் வயர்களைப் பிடுங்கி, துணியால் துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து மாலையும் போட்டேன். சந்தனக் கிண்ணம் கையில் இருந்ததால் சும்மா இருக்க முடியவில்லை. சுவரில் இருந்த இரண்டு நெட்வொர்க் பெட்டிகளுக்கும் வைத்தேன். ஒன்று ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கானது. இன்னொன்று, காத்திருக்கும் பெற்றோர்களுக்காக சார் போட்டுவைத்திருந்த இலவச வைஃபை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டின் முகத்திலும் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் ஏது? தாராளமாக அப்பினேன்.

பூஜை முடிந்ததும் சர்வரை எடுக்கப் போனேன்.

"தொடாதம்மா!" என்றார் சார். "பூஜையில வெச்சதை இன்னைக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குப் புனர்பூஜை முடிச்சுட்டுத்தான் எடுக்கணும்."

இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. (தெரிந்துகொள்ளாமல்தான் பக்தியைக் காட்டக் கிளம்பியிருந்தேன்.) அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் பூஜை செய்ய வர வேண்டியவர் தாமதமாக வந்தார். ஊரில் எல்லாக் கடையிலும் அவருக்கு அன்று புனர்பூஜை. அவர் கற்பூரம் காட்டி முடிக்கும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. முற்றம் முழுக்கப் புதுச்சட்டை போட்ட குழந்தைகள். ஒன்று அழ ஆரம்பித்தால் அந்த வரிசையே அழுதது. ஒரு ஓரமாகத் தாம்பாளங்களில் பச்சரிசி பரப்பி வைத்திருந்தார்கள், குழந்தைகளின் விரல் பிடித்து எழுத வைப்பதற்கு.

சர்வரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூலையில் வைத்து, நெட்வொர்க் வயரைக் கையில் எடுத்து நிமிர்ந்தால், சுவரில் இரண்டு பெட்டிகள். இரண்டிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். எது எது என்று எழுதி ஒட்டிய காகிதத்தின் மேல்தான் நான் நேற்று அப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. துடைத்துப் பார்க்கலாம். ஆனால் பூஜை போட்ட சந்தனத்தைத் துடைக்கலாமா, கூடாதா? நேற்றே ஒரு தப்பு செய்தாயிற்று. சார் வேறு பின்னால் கை கூப்பி நின்றுகொண்டிருந்தார். குத்துமதிப்பாக ஒன்றில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு என்னிடம் எந்தப் பயிற்சி மாணவராவது இப்படிச் சொன்னால் தொலைத்துவிடுவேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எங்கள் சாஃப்ட்வேரைத் திறந்தேன். டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்றது. அட்டை அச்சடிக்கும் சாஃப்ட்வேரைத் திறந்தேன். அது அதைக்கூடச் சொல்லாமல், ஏதோ ஒரு நீளமான நம்பரைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

பாஸ்வேர்டை மறுபடி போட்டேன். இன்னும் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். ஃபயர்வாலை அணைத்தேன். சர்வரை அணைத்துப் போட்டேன். அந்தக் கிழப் பெட்டி கண் விழிப்பதற்குள் ஒரு உலை அரிசி வெந்துவிடும். விழித்தது. திரும்பவும் அதே பிழை.

அம்மா கதவோரம் வந்தார். புதுப் பட்டுப்புடவை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆச்சா?"

"ஆயிடும்மா."

"ஆயிடும்னா ஆகலைன்னு அர்த்தம். சார் மூணு தடவை வாட்சைப் பாத்துட்டாருடி."

எங்கள் கம்பெனி சீனியர் முரளி அண்ணாவுக்குப் போன் போட்டேன். லீவில் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பின்னால் கோயில் மேளம் கேட்டது.

"டேட்டாபேஸ் ஓடுதா?"

"ஓடுது அண்ணா."

"பாஸ்வேர்டு?"

"போட்டுட்டேன் அண்ணா."

"நெட்வொர்க்கு?"

"லைட் எரியுது அண்ணா."

"நேத்து ஓடிச்சுல்ல? நேத்திலேர்ந்து இன்னைக்குள்ள என்ன மாத்தின?"

"ஒண்ணுமே மாத்தல அண்ணா."

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்கள் எல்லோரும் சொல்லும் பொய் இது. போனை வைத்தபின் அவர்களைக் கிண்டல் செய்வதே எங்களுக்குப் பொழுதுபோக்கு. அன்று அது என் வாயிலிருந்து தானாக வந்தது. மாலை போட்டு மந்திரம் சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"சரி, விடு. உன் லேப்டாப்ல டெஸ்ட் காப்பி இருக்குல்ல? ரெண்டு சாஃப்ட்வேரையும் அதுக்குத் திருப்பி விடு. ஃபங்ஷன் முடியட்டும், சர்வரை அப்புறம் பாத்துக்கலாம்."

டெஸ்ட் காப்பி என்பது, சாஃப்ட்வேரை ஓட்டிப் பழகுவதற்காக நான் லேப்டாப்பில் வைத்திருந்த இன்னொரு டேட்டாபேஸ். லேப்டாப்பை ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு இணைத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அட்டை சாஃப்ட்வேரும் திறந்தது. சரஸ்வதி படத்துக்கு எதிரில் உட்கார்ந்து "அல்லேலூயா" என்று கத்தியிருப்பேன், உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வரிசையில் முதலாவதாகப் பம்மலிலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா செல்வம், சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். மகள் தர்ஷினி, ரெட்டைச் சடை. பெயரைப் பதிந்தேன், சேமித்தது. சார் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

"ஃபர்ஸ்ட் அட்மிஷன். நம்பர் ஒண்ணு. கார்டு எடும்மா, டைம் ஆகுது."

அட்டை சாஃப்ட்வேரில் ஒன்று என்று அடித்தேன். பிரின்டர் முனகிக்கொண்டே அட்டையைத் துப்பியது. நான் கை நீட்டுவதற்குள் சாரே எடுத்து, தட்டில் கவிழ்த்து, மேலே வெற்றிலை பாக்கு வைத்து, வெளியே போய் செல்வத்திடம் கொடுத்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

செல்வம் அட்டையைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது? டீச்சரம்மா போட்டோ கீது?"

டெஸ்ட் காப்பியில் ஒன்றாம் நம்பரை நான் எப்போதோ கொடுத்துவிட்டிருந்தேன். பழகிப் பார்க்க ஒரு பெயரும் போட்டோவும் தேவைப்பட்டபோது, கைக்குக் கிடைத்தது பேங்குக்காக எடுத்த அம்மாவின் போட்டோ. தர்ஷினிக்கு நம்பர் இரண்டு. ஒன்று, என் தாயாருக்கு: "கிரேஸ், எல்.கே.ஜி., அ பிரிவு, வயது ஐம்பத்து நான்கு."

சிரிப்பு வரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. செல்வத்தின் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மொத கார்டே வேற ஆளு பேர்ல வந்துக்குதே... கொயந்தைக்கு ஏதாச்சும் ஆவுமா சார்?"

"நல்ல நேரம் வேற போய்க்கினே கீது" என்றார் செல்வம்.

சார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஹெச்.எம். பதவி வாசல் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறிப் போவதை நான் கண்ணால் கண்டேன். அம்மாவின் இத்தனை வருட உழைப்பு, என் ஒரு கிண்ணச் சந்தனத்தில் போனது.

அம்மா நடந்து வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு சார்" என்றார்.

பிறகு பட்டுப்புடவையோடு தரையில், அரிசித் தாம்பாளத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தர்ஷினி, இங்க வா. பாரு, மிஸ்ஸும் எல்.கே.ஜி.தான். உனக்குத் துணைக்கு முன்னாடியே வந்து இடம் புடிச்சு வெச்சிருக்கேன். நீ எழுதினாத்தான் நானும் எழுதுவேன்."

குழந்தை அட்டையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, பிறகு களுக்கென்று சிரித்து அம்மாவின் மடியிலேயே வந்து உட்கார்ந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து அரிசியில் "அ" எழுதின. பத்தரைக்கு இன்னும் நேரமிருந்தது.

செல்வம் பெருமூச்சு விட்டார். "எய்திட்சுபா! போதும் சார், கார்டு அப்பால வாங்கிக்கிறோம்."

அவர் மனைவியும் சிரித்துவிட்டார். அடுத்த குழந்தையை அதன் அம்மா மெல்ல முன்னால் தள்ளினார். சார் அடுத்த தாம்பாளத்தின் முன்னால் தானும் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஆபீஸுக்குள் போய் சர்வரின் முன்னால் உட்கார்ந்தேன். அவசரம் போனதும் மூளை வந்தது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி ஒரு நம்பர் உண்டு. சர்வரின் நம்பரைப் பார்த்தேன். நேற்று இருந்த நம்பர் அது இல்லை. பெற்றோர்களின் வைஃபை பெட்டியில் செருகியதால் சர்வர் வேறு தெருவுக்குக் குடிபோயிருந்தது. இரண்டு சாஃப்ட்வேர்களும் காலையிலிருந்து பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன, பாவம்.

கூட்டம் குறைந்ததும் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சந்தனம் உட்பட. அவர் எழுந்து வந்து, தோள் துண்டின் நுனியால் ஒரு பெட்டியைத் துடைத்தார். "ஆபீஸ்" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

"இதைத் துடைச்சா சாமி கோச்சுக்கும்னு யாரும்மா சொன்னது?"

வயரை மாற்றிச் செருகினேன். மறு நிமிடம் எல்லாம் ஓடியது. (முரளி அண்ணாவிடம் "நெட்வொர்க் பிரச்சினை" என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.)

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றபோது தாங்காமல் கேட்டேன்.

"ஹெச்.எம். போஸ்ட் போயிடுச்சாம்மா?"

"போனா போகட்டும். எல்.கே.ஜி. சீட்டு கிடைக்கிறதே இந்தக் காலத்துல கஷ்டம்."

சொல்லிவிட்டு என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்து அலறியது.

பதவி போகவில்லை. அடுத்த ஜூனில் அம்மாதான் ஹெச்.எம். "எல்.கே.ஜி. சேர்ந்து ஒரே வருஷத்துல ஹெச்.எம். ஆன ஸ்டூடண்ட் நம்ம ஸ்கூல்லதான்" என்று சார் ஸ்டாஃப் மீட்டிங்கில் அறிவித்தாராம். அப்பா இதைக் கேட்டதிலிருந்து, வீட்டில் எந்த விவாதத்திலும் தோற்கப்போகிற நிலை வந்தால், "எல்.கே.ஜி. படிக்கிறவங்ககிட்ட எனக்கென்ன பேச்சு?" என்று எழுந்து போய்விடுகிறார்.

போன வருடம் அம்மா ஓய்வு பெற்றார். விடைபெறும் விழாவில் சால்வை, பரிசு எல்லாம் முடிந்த பிறகு, சார் ஒரு காகிதத்தை நீட்டினார். எங்கள் சாஃப்ட்வேரிலேயே அச்சடித்த மாற்றுச் சான்றிதழ். மாணவி பெயர்: கிரேஸ். வகுப்பு: எல்.கே.ஜி. நடத்தை: மிக நன்று. கீழே, மேல் வகுப்புக்குச் செல்லத் தகுதி பெற்றாரா என்ற இடத்தில் மட்டும் சார் தன் பேனாவால் எழுதியிருந்தார்:

"இல்லை. இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே படிக்கட்டும்."

அன்று கலங்காத அம்மா, அதைப் படித்துவிட்டு மேடையிலேயே அழுதார். இப்போது வாரத்தில் மூன்று நாள் அதே பள்ளிக்கு, எல்.கே.ஜி. வகுப்புக்குத்தான், போய்வருகிறார். காலையில் அவர் கிளம்பும்போது அப்பா வாசல் வரை வந்து, சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, "மிஸ் சொல்றதைக் கேட்டு நட" என்று சொல்லி அனுப்புகிறார்.