செருப்பு மீட்பு நடவடிக்கை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, மலேசியாவின் கிள்ளானில் ஸ்ரீ செரூலிங் அடுக்குமாடியின் "பாதுகாப்புச் செயற்குழு"வைக் கண்டுபிடித்தது. இடையில் வந்ததெல்லாம் சில்லறைச் சாதனைகள்.

அந்தச் செயற்குழுவின் "அதிரடி ஆலோசகர்" பதவிக்கு ரிஷி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். வயது முப்பத்திரண்டு. சுபாங் ஜெயாவில் கணினி பழுதுபார்க்கும் வேலை. தகுதி? போலீஸ் அதிரடிப்படை ஒரு வீட்டுக்குள் எப்படி நுழையும் என்பதை அச்சு அசலாகக் காட்டும் கணினி விளையாட்டு ஒன்றை நானூறு மணி நேரம் ஆடியவன். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அதன் நிறைகுறைகளைப் பற்றித் தன் யூடியூப் சேனலுக்கு ஒரு விமர்சனமும் தயாரித்துக்கொண்டிருந்தான். சேனலுக்கு இருநூற்றுப் பதினான்கு சந்தாதாரர்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அந்த நேரத்தில்தான் நாடு, அதாவது நான்காவது மாடி, அவனை அழைத்தது.

காரணம் செருப்பு. நம்மவர்கள் செருப்பை வாசலுக்கு வெளியேதான் விடுவார்கள். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் நடைபாதையில் ஒரு ஜோடிகூட இல்லை. மொத்தம் இருபத்து மூன்று ஜோடி மாயம். மகள் கல்யாணத்துக்கு வாங்கி ஒரே ஒரு முறை போட்ட, கல் பதித்த செருப்பைப் பறிகொடுத்தவர் செயலாளர் இராஜம்மா.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். தலைவர் சபாபதி, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். நாற்பது வருட அனுபவத்தில், எந்தக் காகிதத்தையும் படிக்காமலேயே கையெழுத்துப் போடும் ஆற்றலைப் பெற்றவர்.

"நாலு-பத்து வீட்டு வாசலப் பாத்தீங்களா?" என்றார் இராஜம்மா. "எட்டுப் பேர் இருக்கானுங்க. ஒரு சிலிப்பர் வெளிய இல்ல. என்னிக்குமே இருந்ததில்ல!"

"உள்ள எடுத்துட்டுப் போறாங்க போல, ஆன்டி," என்றான் ரிஷி.

"செருப்ப வீட்டுக்குள்ள கொண்டு போற தமிழன் உண்டா லா? திருடு போவும்னு அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவனே திருடன், அதான்!"

இந்தத் தர்க்கத்தின் முன் கூட்டம் தலைவணங்கியது. நாலு-பத்தில் இருந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். ஆக, தீர்ப்பு வந்துவிட்டது, விசாரணைதான் பாக்கி.

ரிஷி விதிமுறைகளை விளக்கினான். "கேம்ல மொதல்ல கதவுக்கு அடியில கண்ணாடிய விட்டு உள்ள யாருன்னு பாக்கணும். அப்புறம் சத்தமா எச்சரிக்கை குடுக்கணும். கைய தூக்கினவன அடிச்சா பாயின்ட் போயிரும். ஆதாரத்த ஒண்ணொண்ணா எடுத்து ரிப்போர்ட் பண்ணணும். அதான் அந்த கேம்ல பெரிய ப்ளஸ்."

"மைனஸ்?" என்றார் சபாபதி, பேனாவைத் திறந்தபடி.

"நம்ம கூட வர்ற ஆளுங்க, அங்கிள். அவங்கள கம்ப்யூட்டர்தான ஓட்டுது. வாசல்லயே நின்னுக்குவாங்க. உள்ளயும் போவ மாட்டாங்க, வழியும் விட மாட்டாங்க."

"அந்தப் பிரச்சினை நமக்கு வராது. நம்மகிட்ட மனுஷங்க இருக்காங்க."

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நடவடிக்கை தொடங்கியது. இராஜம்மா தன் கைப்பைக் கண்ணாடியைக் கதவிடுக்கில் விட்டுப் பார்த்ததில் ஒரு கரப்பான்பூச்சி தெரிந்தது. அது செயற்குழுவின் குறிப்பேட்டில் பதிவானது. கதவை உடைக்கும் பொறுப்பு லோரி ஓட்டுநர் அய்யாவு வசம். அவர் தோளைச் சாய்த்து மூச்சை இழுத்தார். கதவு தானாகவே திறந்தது. வேலைக்குக் கிளம்பிய சாதிக் என்ற இளைஞன், கையில் பூட்ஸோடு நின்றான். மற்ற ஏழு பேரும் இரவு ஷிப்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

அய்யாவு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயும் போகவில்லை, வழியும் விடவில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் மனிதர்களை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்று ரிஷி வியந்தான்.

"கையில பாரு, கையில பாரு!" என்று அய்யாவுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து இராஜம்மா கத்தினார்.

சாதிக் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான். "இது பூட்ஸ்க்கா. கம்பெனி குடுத்தது. இது இல்லாமப் போனா கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. வெளிய வெச்சுக் காணாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு உள்ள வெச்சுக்கிறோம்."

"பாத்தீங்களா, காணாமப் போவும்னு அவனே ஒத்துக்கிட்டான்!"

"அக்கா, ஏழு மணிக்கு வேன் போயிரும். இன்னொரு தடவ உன் மேல பேச்சு வந்தா ஊருக்கு அனுப்பிருவேன்னு ஏஜென்ட் சொல்லிருக்காருக்கா."

"ஏஜென்ட் நம்பர் என்ன, தம்பி?" என்றார் சபாபதி கனிவாக.

கை தூக்கியாகிவிட்டது. ஆதாரம் எதுவும் இல்லை. விளையாட்டில் இந்த நிலைக்கு என்ன விதி என்று ரிஷிக்கு மனப்பாடம். "அங்கிள், ஆதாரம் ஒண்ணும் இல்லையே," என்று முணுமுணுத்துப் பார்த்தான்.

"விசாரிச்சா வரும்."

ரிஷி வாயை மூடிக்கொண்டான். பதவிக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைப் பதிவுசெய்யக் குறிப்பேட்டில் பகுதி இல்லை.

சாதிக்கின் சட்டைக் காலரைப் பிடித்து அய்யாவு கீழே நடத்திக்கொண்டு போனார். படிகளில் இறங்கும்போதே சபாபதி ஏஜென்டிடம் பேசினார்: "உங்க ஆளு ஒரு கேஸ்ல மாட்டியிருக்கான், பாஸ்." வாசலில் வெள்ளை வேன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சாதிக் அது தெருமுனையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

விசாரணை, செயற்குழுவின் "கட்டுப்பாட்டு அறை"யில். மற்ற நாட்களில் அது ஸ்டோர். கதவைத் திறந்ததும் ரிஷி, நானூறு மணி நேரப் பழக்கத்தில், அறையைச் சோதனை போட்டான். மூலையில் மூன்று கறுப்புக் குப்பைப் பைகள். ஒன்றை அவிழ்த்ததும் கல் பதித்த செருப்பு பளபளத்தது.

பையின்மேல் மலாயில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தீயணைப்புச் சோதனையை முன்னிட்டு நான்காவது மாடி நடைபாதையில் உள்ள பொருட்கள் யாவும் புதன்கிழமை இரவு அகற்றப்பட்டு ஸ்டோரில் வைக்கப்படும். துப்புரவுப் பணியாளர் சொன்னபடி செய்திருக்கிறார். கீழே தலைவர் சபாபதியின் கையெழுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அழகாக இருந்தது.

பிறகு அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. காணாமல்போன இருபத்து மூன்று ஜோடியும் நூறு விழுக்காடு மீட்கப்பட்டதால் நடவடிக்கை மாபெரும் வெற்றி என்று தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் சந்தேகத்துக்கு இடமளிக்காதவாறு காலணிகளை வாசலுக்கு வெளியே வைக்கும்படி நாலு-பத்துக்கு அறிவுரை வழங்கப்பட்டது. இராஜம்மா செருப்பைப் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது.

"அங்கிள், அந்த ஏஜென்டுக்கு போன் பண்ணி, தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க," என்றான் ரிஷி.

"தப்புன்னு நாமளே சொன்னா அப்புறம் செயற்குழுவ எவன் மதிப்பான்? விடு லா."

அதற்குள் சாதிக்கின் கைப்பேசி ஒலித்தது. அவன் நின்றபடியே கேட்டான். "சரி சார்," என்று இரண்டு முறை சொல்லி வைத்தான். திங்கட்கிழமை ஊருக்கு டிக்கெட்.

எல்லோரும் போன பிறகு அவன் படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினான். எங்கே போவதற்கென்று தெரியவில்லை. ரிஷி பக்கத்தில் போய், "நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரு கேம்லேர்ந்து," என்றான்.

"கேமாண்ணே? அதுல தப்பான ஆளப் பிடிச்சுட்டா என்ன ஆகும்?"

"மிஷன் ஃபெயில். மறுபடி மொதல்லேர்ந்து ஆடணும்."

"பிடிபட்டவன்?"

"அவனும் மொதல்லேர்ந்து வருவான்."

"நல்ல கேமுண்ணே," என்றான் சாதிக். நிஜமாகவே சொன்னான். "மன்னிப்புக் கேக்க பட்டன் இருக்கா?"

"இல்ல."

சாதிக் தலையாட்டிவிட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, மாடியேறிப் போனான்.

திங்கட்கிழமை மாலை ரிஷி விமர்சனத்தைப் பதிவுசெய்தான். நாலு-பத்தின் வாசலில், அறிவுரைப்படியே, ஏழு ஜோடி பூட்ஸ் வரிசையாக இருந்தன. நிறைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, குறைகளுக்கு வந்து, மன்னிப்பு பட்டன் இல்லாததைச் சொல்ல வாயெடுத்தான். நிறுத்தினான். குறிப்பில் அதை அடித்துவிட்டு நிறைகளின் பக்கம் சேர்த்துக்கொண்டு, மீண்டும் பதிவுசெய்தான்:

"யதார்த்தம்னா இதுதாங்க, பத்துக்குப் பத்து. எங்க மாடியில இருபத்து மூணு வீடு. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன், ஒரு வீட்டுலயும் அந்த பட்டன் கிடையாது."