பதினோரு பிள்ளைகளுக்கு நான் போட்ட மதிப்பெண்

ஆஸ்டர்புக், மினசோட்டா
பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்கா ஆர்டெல்லுக்கு, தம்பி ஓர்வின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் உயிரோடு இருக்கிறோம், ஏரியும் உறைந்தபடி நலமே. நீயும் அத்தானும் அரிசோனாவில் அரைக்கால் சட்டையோடு நிற்கும் படம் வந்து சேர்ந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது.

நிற்க, என் பெண் சிக்னியின் படிப்பு விஷயம் என்ன ஆயிற்று என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றே வணிகப் படிப்பும் கிடைத்துவிட்டது என்று நினைத்து, என் தூண்டில் கடை வாசல் பலகையில் "உயிருள்ள புழு, மீன் குஞ்சு, வணிகக் கல்லூரி மாணவியின் அப்பா" என்று எழுத்துக் கோர்த்து வைத்தவன் நான். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிகிறது, அவள் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறாளாம், வணிகப் படிப்புக்குள் இல்லையாம். இரண்டாம் வருஷத்தில் மறுபடியும் விண்ணப்பம், கட்டுரை, நேர்முகம் எல்லாம் உண்டாம், தொள்ளாயிரம் பேருக்கு நானூறு இடமாம். சர்ச் விருந்துக்குக் கூப்பிட்டு, கோட்டை வாங்கி மாட்டி, மேசையில் உட்கார வைத்துவிட்டு, "ஓ, சாப்பிட வந்தீங்களா? அதுக்குத் தனியா எழுதிக் குடுக்கணுமே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? காப்பிக் கடையில் அந்த மார்லின் பயல், "என்ன ஓர்வின், உம்ம பொண்ணு இன்னும் வாசல்லயேதான் நிக்குதாமே?" என்று கேட்டுக்கொண்டே என் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறான்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள் வந்தாள், கையில் கணக்குப் புத்தகத்தோடு. "கிடைக்கலைன்னா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன். "வேற என்ன, வீட்டுக்கு வந்து உன்கூட உக்காந்து புழு விக்க வேண்டியதுதான்" என்று சொல்லி ஓவென்று அழுதுவிட்டாள். சேச்சே, அப்படியெல்லாம் நடக்காது என்று தட்டிக்கொடுத்தேன். சிக்னியின் அம்மா, என் ஜேனிஸ் செத்துப்போன பிறகு இந்த வீட்டில் என் குரலுக்குப் பதில் குரல் கேட்டது அந்த இரண்டு நாள்தான். அவள் கிளம்பிப் போன பிறகும் ஒரு வாரம் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். ஏங்கிப் போய்விட்டேன் அக்கா, இந்த வயதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நேர்முகத்தன்று தைரியம் சொல்லலாம் என்று, சாவுக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அவளுக்குப் பிடித்த ஹாட்டிஷ் ஒரு தட்டு சுடச்சுடத் துணியில் சுற்றிக்கொண்டு, மூன்று மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிப் போய் வணிகக் கல்லூரி வராந்தாவில் நின்றேன். ஓர் அம்மாள் பட்டியலும் கையுமாக ஓடிவந்து, "சார், நீங்க தொழில் நடத்துறவரா?" என்றாள். ஆமாம் என்றேன், பொய்யா? "அப்பாடா! நேர்முகம் எடுக்க வரவேண்டியவர் பனியில மாட்டிக்கிட்டார். கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க சார்" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். நம் ஊர்க்காரனுக்கு ஒருவர் ஒத்தாசை கேட்டால் மாட்டேன் என்று சொல்ல நாக்கு வருமா? அப்பா போன அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரன் படகைத் தள்ளிக்கொடுக்கப் போன குடும்பம் அல்லவா நம்முடையது?

சிக்னிக்கு வேறு அறை. என் அறைக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள், எல்லாரும் கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவேண்டும். எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன். "வாங்கின புழு செத்துப்போச்சுன்னு ஒருத்தன் திருப்பிக் கொண்டுவந்தா என்னப்பா பண்ணுவே?" ஒரு பையன் சந்தை நம்பிக்கை என்று ஆரம்பித்து, வியர்த்து, கடைசியில், "வேற புழு குடுத்துருவேன் சார்" என்றான். "வீட்டுக்குப் போயி எத்தனை நாளாச்சு?" என்றேன். "ஆகஸ்ட்ல போனது சார்" என்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போட்டேன் ஐந்து. அடுத்த பெண்ணுக்கும் ஐந்து. பதினோரு பேருக்கும் ஐந்துக்கு ஐந்து, ஆளுக்கு ஒரு கரண்டி ஹாட்டிஷ் வேறு. வண்டிக்குத் திரும்பி வந்த பிறகுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது, இடம் நானூறுதான், நான் தூக்கிவிட்ட ஒவ்வொருவனும் என் பெண்ணின் இடத்தில் உட்காரப் போகிறவன் என்று. அவளிடம் சொன்னேன். "அப்பா, நீ எனக்கு அப்பாவா, அவங்களுக்கு அப்பாவா?" என்றாள், அப்புறம் நான்கு நாளாகப் பேச்சே இல்லை.

இன்று மாலை ஐந்து மணிக்கு முடிவு. அவளுக்கு எப்படியாவது இடம் கிடைக்க நீ ஜெபம் செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், பரவாயில்லை, முன்தேதி போட்டு ஜெபித்துவிடு. கடவுளுக்குத் தேதி ஒரு பொருட்டா? அத்தானுக்கு என் அன்பு, அவர் முட்டிக்கு என் விசாரிப்பு. ஆண்டவர் உங்கள் இருவர் தலைமேலும் வெயிலை அளவாக வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
உன் தம்பி
ஓர்வின் ஸ்கோக்ஸ்டாட்

பின்குறிப்பு: மணி ஐந்தேகால். சிக்னி கூப்பிட்டாள். "அப்பா, கெடச்சிருச்சுப்பா! கோடைக்கு சிகாகோல வேலை பாக்கப் போறேன், அங்கேயே தங்கிடுவேன்!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். நாய் பயந்து மேசைக்கு அடியில் போய்விட்டது. அக்கா, மேலே எழுதியதை நம்பாதே. வண்டிக்குத் திரும்பிய பிறகு உறைத்தது என்றேனே, பொய். முதல் பையனுக்கு ஐந்து போடும்போதே எனக்குத் தெரியும். நான் போடுகிற ஒவ்வோர் ஐந்துக்கும் என் பெண் வீட்டுப் பக்கம் ஓர் அடி வருவாள் என்று நினைத்து நினைத்துத்தான் போட்டேன். பதினோரு அடி. போதவில்லை. நல்லவேளை அக்கா, போதவில்லை.