ரெயின்கோட்டுப் பையில் செங்கல்

மலைமேல் இருக்கும் வாழவந்தி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பொன்னுவேல் ஒரு முடிவுக்கு வந்தார். இனி மனைவியின் தயவு வேண்டாம். டி.வி.யின் தயவும் வேண்டாம்.

மகன் மெட்ராஸுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன வீடியோ கேமை டி.வி.யில் மாட்டி, ஐம்பது வயதுக்குமேல் அவர் துப்பாக்கி சுட ஆரம்பித்திருந்தார். ஒருநாள் அவர் திரையில் எதிரிகளைத் துரத்திக்கொண்டிருந்தபோது மாடு பீன்ஸ் பாத்தியை மேய்ந்து முடித்தது. மனைவி ஆராயி கத்தவில்லை. அடாப்டரைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இனி இதுல கை வெச்சீங்கன்னா, மொத்தத்தையும் குப்பனூர்ல எங்கண்ணங்கிட்ட குடுத்துருவேன்."

சொன்னால் செய்வாள். அவருடைய கேரம்போர்டு அப்படித்தான் மலை இறங்கியது.

அடுத்த வாரம் பொன்னுவேல் சேலம் கடைவீதியில் நின்றார்.

"கையில வெச்சு ஆடறது இருக்குங்களா? பேட்டரி செல்லுல ஓடறது?"

"செங்கல் அடுக்கற கேம் இருக்குங்க. ஊட்ல டி.வி. இல்லீங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப டி.வி.யில மாட்டறதையே வாங்கிக்கங்க."

"அதுவும் இருக்குதுங்க."

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "அதை வாங்கறவங்க வேற, இதை வாங்கறவங்க வேறன்னுல்ல நெனச்சேன்! ஒரே ஆளுக்கு ரெண்டும் எதுக்குங்க?"

"சம்சாரம் இருக்குதுங்க."

கடைக்காரர் உடனே கேமை எடுத்துப் பொட்டலம் கட்டினார். அவரும் கல்யாணமானவர்.

திட்டம் கச்சிதமாக ஓடியது. பகலில் கேம் கதவுக்குப் பின்னால் தொங்கும் பழைய ரெயின்கோட்டுப் பையில் தூங்கும். சாயங்காலம், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன் புள்ள" என்று வெறும் வாளியோடு கொட்டகைக்குப் போவார். சத்தத்தை அணைத்துவிட்டுச் செங்கல் அடுக்குவார். மாடு அவரையே பார்க்கும். இது ஒரு ரைட்டர் செய்கிற காரியமா என்று அவரும் தன்னைக் கேட்டுக்கொள்வார். பதில் வருவதற்குள் அடுத்த செங்கல் விழும்.

ஆடியவர்களில் அதிகம் எடுத்த புள்ளியைத் திரை காட்டும். செல்லைக் கழற்றும்வரை அது அழியாது. அவர் எவ்வளவு முக்கியும் நாலாயிரத்தைத் தாண்டியதில்லை. ஒருநாள் பார்த்தால் திரையில் பதினோராயிரம் இருந்தது.

யார்? வீட்டில் இருப்பது இருவர். மாட்டுக்கு விரல் இல்லை.

கேட்டால் அகப்பட்டுக்கொள்வார். கேட்காமல் சோறும் இறங்கவில்லை. கேம் இரண்டும் குப்பனூர் பஸ்ஸில் ஏறுவதுபோலவே கண்ணில் தெரிந்தது.

மறுநாள் காப்பியை நீட்டும்போது ஆராயியே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, சேலம் போனா பென்சில் செல்லு வாங்கியாங்க."

"எதுக்கு புள்ள?"

"உங்க ரெயின்கோட்டுக்கு."

பொன்னுவேல் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப... உங்கண்ணன் ஊட்டுக்கு அனுப்பிருவியா?"

"எதுக்கு அனுப்போணும்? நீங்க எஸ்டேட்டுக்குப் போனதும் டி.வி.யில ஆடறேன். அடாப்டர்தான் எங்கிட்ட இருக்குதே! கரண்டு போச்சுன்னா கையில வெச்சு ஆடறேன். ரெண்டும் வேணுமுங்க."

"நான்?"

"ஆடுங்க சாமி, வேண்டாம்னா சொன்னேன்?"

பொன்னுவேலுக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று வேலை முடிந்து பாதி ஓட்டமாக வீடு சேர்ந்தார். மனசில் பயமில்லை, ஒளிவில்லை. ராஜாவைப்போல ரெயின்கோட்டுப் பையில் கைவிட்டார்.

காலி.

ஜன்னலோரம் ஆராயி தலை நிமிராமல் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கரண்டு போயிருச்சுங்க. இன்னைக்காவது அந்த வாளியில தண்ணி ஊத்திக் கொண்டு போங்க, தெனமும் நாந்தான் காட்டறேன்."