தையற்காரரின் தக்காளிப் பாத்தி

அன்று காலையும் மூன்று தக்காளி நாற்றுகள் தரையோடு வெட்டுப்பட்டுக் கிடந்தன. இலைகள் இன்னும் வாடவில்லை. தையற்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஆடு கடித்தால் கசங்கும். எலி கடித்தால் நார் தொங்கும். இது பிசிறில்லாத வெட்டு. வாழ்நாளெல்லாம் துணி வெட்டியவருக்குத் தெரியாதா? கத்தரி வேலைதான்.

விதை, மனைவி விட்டுப்போனது. ரவிக்கை வெட்டிய மிச்சத் துணியில் முடிந்து, அவருடைய பொத்தான் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். வருஷம் தவறாமல் அவள் பாத்தி காய்த்துத் தள்ளும். அவள் இல்லாத முதல் பருவம் இது. இந்த விதையும் போனால், அந்தத் தக்காளியும் அவளோடு போய்விடும்.

கத்தரி வைத்திருக்கும் இன்னொருவர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். சலூன்காரர். முன்பொரு முறை தையற்காரரின் துணிக் கத்தரியை இரவல் வாங்கி, தகரம் வெட்டித் திருப்பித் தந்தவர். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மனைவிமார் மட்டும் மதிலோரம் நின்று பேசிக்கொள்வார்கள். அதை அவர் கண்டும் காணாமல் விட்டிருந்தார்.

திருடன் முகம் தெரியட்டும் என்று பாத்திக்கு மேல் பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். பொழுது சாய்ந்ததும் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் வந்து அதைச் சுற்றின. ஆளரவமில்லாத வீட்டுக்கு இவையாவது வருகின்றனவே என்று விரட்டாமல் விட்டார். நாளடைவில் மீதி நாற்றுகளும் சாய்ந்தன.

மறுபடி விதைத்தார். நாற்று எழும்பியதும், காலடிச் சத்தம் கேட்பதற்காகப் பாத்தி முழுக்கச் சருகு பரப்பினார். சருகு ஒரு நாளும் சலசலக்கவில்லை. நாற்றுகள் மட்டும் முன்னைவிட வேகமாகப் படுத்தன.

மகள் தொலைபேசியில் சிரித்தாள். ஒரு நாற்றுக்காக யாராவது மதிலேறிக் குதிப்பார்களா என்றாள்.

"தகரம் வெட்டினவன் எதையும் வெட்டுவான்" என்றார் அவர்.

துணி முடிச்சில் மிஞ்சியிருந்ததையும் விதைத்தார். அதில் தப்பிய ஒரே நாற்றும் ஒரு காலை தரையில் கிடந்தபோது, அதை எடுத்துக்கொண்டு மதிலோரம் போய்க் கூப்பிட்டார். பாதி முகத்தில் சவர நுரையோடு சலூன்காரர் எட்டிப் பார்த்தார்.

"உன் கத்தரியக் காட்டு."

"எதுக்குண்ணே?"

"அவ நாத்த வெட்டினது அதுதானான்னு பாக்கணும்."

சலூன்காரர் கோபப்படவில்லை. தண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு மதிலேறிக் குதித்தார். குதித்த குதியில் சருகு நொறுங்கிய சத்தம் தெருமுனை வரை கேட்டது. தையற்காரருக்கு அப்போதே லேசாக உறுத்தியது.

நாற்று நின்ற இடத்தில் சீப்பின் காம்பால் மண்ணைக் கிளறினார் சலூன்காரர். கொழுத்த சாம்பல் நிறப் புழு ஒன்று வந்தது. தொட்டதும் கோட்டுப் பொத்தானைப் போலச் சுருண்டுகொண்டது.

"வெட்டுப்புழுண்ணே. பகல்ல மண்ணுக்குள்ள தூங்கும், இருட்டினா வந்து தண்ட அறுக்கும். அப்புறம் மண்ணுக்குள்ளயே கூட்டுப்புழுவா கெடந்து, அந்துப்பூச்சியா வெளிய வரும். அதுக்கு ஊரு நாடெல்லாம் கெடையாது. காத்தோட எங்கிருந்தோ பறந்து வந்து முட்ட வைக்கும்." அவர் பல்பையும் சருகையும் பார்த்தார். "நீங்க வெளக்கு வச்சுக் கூப்பிட்டு, மெத்தையும் போட்டுக் குடுத்திருக்கீங்க."

தையற்காரர் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன வருஷம் அவ எப்படித்தான் காப்பாத்தினாளோ. என்னால ஒரு பருவம் முடியல. விதையும் தீந்துபோச்சு."

சலூன்காரர் மதிலைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி வரிசையாகத் தகர டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் பென்சில் மொத்தத்தில் தண்டு முற்றிய தக்காளி நாற்று.

"அக்கா குடுத்த விதைதாண்ணே. தண்டு முத்திட்டா புழுவால லேசுல அறுக்க முடியாது. இப்ப நட்டு வைங்க" என்றாள்.

தையற்காரர் டப்பா ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். விளிம்பில் கத்தரி பட்ட தடம் தெரிந்தது.

"இந்த வித்தையெல்லாம் அவளுக்குத் தெரியுமா?"

சலூன்காரர் மனைவி தன் புருஷனை ஒரு முறை பார்த்தாள்.

"அக்கா போட்ட நாத்து ஒரு வருஷம்கூடப் பொழச்சதில்லண்ணே. எல்லாம் போனதும் இங்க வந்து டப்பாவ வாங்கிக்கிட்டு, 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, என்னப் பெரிய கில்லாடின்னு நெனச்சிட்டிருக்காரு'ன்னுட்டுப் போவாங்க."